தேயிலைக்கு அடியில் ஓர் அறை

ஹரிதாஸுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது தெரியாதவர் யாரும் இல்லை. "நல்ல மனுசந்தான், கோவம் வந்தாதான் கொஞ்சம் அப்படி இப்படி" என்று அவனுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் லயத்து வரிசை வீடுகளில் உண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் அவனிடம் அடி வாங்கியவர்கள் அல்ல. வாங்கியவர்கள் பேசுவதில்லை.

அவனும் வாங்கி வளர்ந்தவன்தான். மருந்தடிக்கும் வேலையில் இருந்த அப்பா, மருந்துக் குழாயை மடக்கிப் பிடித்து விளாசுவார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் விளாசுவார். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சுடுங்க சார்" என்று அப்பாவே வந்து சொல்லிவிட்டுப் போவார். பதினைந்து வயதில் தாப்பாவுக்கு இறங்கிப் போய் ஒரு லோரிப் பட்டறையில் சேர்ந்தான். முதலாளியின் மச்சான் ஏதோ சொன்னான் என்று ஸ்பேனரால் அவன் முட்டியைப் பெயர்த்துவிட்டு, வந்த வழியே தோட்டத்துக்கு ஏறி வந்தான். தோட்டத்தில் அவனுக்கு வெட்டு மிஷின் கொடுத்தார்கள். நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், நடுவில் செடிகளின் தலைமேல் இருவரும் தூக்கிப் பிடித்து நடக்கிற மிஷின் அது. கொழுந்தைச் சமமாகச் சீவிக்கொண்டே போகும். நல்ல பலம் வேண்டும். பலத்துக்கு ஹரிதாஸிடம் என்ன குறை?

கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்த சீதாவைக் கட்டினான். மலர் பிறந்தாள். சீதாவின் இடது மணிக்கட்டு இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது. கிளினிக்கில் கேட்டபோது கால்வாயில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அந்தக் கிளினிக் நர்சுக்கு இந்த மலையில் எத்தனை பெண்கள் கால்வாயில் வழுக்கி விழுகிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். அவளும் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டாள்.

போன வருஷம் தோட்டத்திலும் அவன் கை வீட்டை விட்டு வெளியே வந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்று வேலை பிரித்து வாங்குகிற நேரம். கங்காணி முனியாண்டி அவனைச் செங்குத்தான மலைக்குப் போகச் சொன்னார். நேற்றும் அங்கேதான் போனேன் என்றான் இவன். "போறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?" என்றார் அவர். மிஷினுக்கு எண்ணெய் ஊற்றும் கேன் இவன் கையில் இருந்தது. அடுத்த நொடி அது முனியாண்டியின் முகத்தில் இருந்தது. கன்னத்து எலும்பு உள்ளே போய்விட்டது. இரண்டு பற்களைக் களத்துச் சரளையில் தேடி எடுத்தார்கள். வீட்டுக்குள் நடந்தவரைக்கும் யாருக்கும் குற்றமாகத் தெரியாத கை, கங்காணியைத் தொட்டதும் ஊர்க் குற்றமாகிவிட்டது. விசாரணை முடியும்வரை வேலை கிடையாது என்று துரை சொல்லிவிட்டார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, புவனேஸ்வரன் என்கிற மானேஜர்தான். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.

இப்படி அவன் சும்மா கிடந்த சமயத்தில்தான் தனுஜா டீச்சர் தோட்ட ஆபீசுக்கு வந்தாள்.

தெலுக் இந்தானிலிருந்து மாற்றலாகி வந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் மூன்றாம் வகுப்புகளைச் சேர்த்துவைத்துப் பதினோரு பிள்ளைகள். புதன்கிழமை தோறும் அவர்களை வெளியே கூட்டிப்போய் மலையிலும் ஆற்றங்கரையிலும் பாடம் நடத்த வேண்டும் என்பது அவள் பிடிவாதம். "எரிமலையப் பத்திப் படம் வரையுதுங்க சார். கால் கீழ இருக்கிற மண்ணு ஏன் செவப்பா இருக்குன்னு கேட்டா முழிக்குதுங்க" என்று தலைமையாசிரியர் சுப்பிரமணியத்தை நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தாள். தோட்டம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மலையை அறிந்த தோட்டத்து ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும்.

யாரை அனுப்புவது? வேலையில் இருக்கும் யாரையும் விடுவிக்க முடியாது. "சும்மா இருக்கிறது ஹரிதாஸ் ஒருத்தந்தான்" என்று கணக்கெழுதும் கிராணி விளையாட்டாகச் சொன்னார். துரை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் களத்துப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால் அவருக்குப் போதும். பிள்ளைகளுக்கு அவன் சரிப்படுவானா என்று அந்த அறையில் ஒருவருமே கேட்கவில்லை.

டீச்சர் கேட்டாள். வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"பிள்ளைங்கள அடிப்பீங்களா?"

"தப்பு பண்ணா..."

"பண்ணாலும் அடிக்கக் கூடாது. முடியும்னா வாங்க. முடியாதுன்னா துரைகிட்ட வேற ஆள் கேட்டுக்கிறேன்."

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் கதையே வேறு. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எம்பொண்ணு மலரும் உங்க கிளாஸ்தான் டீச்சர். அதுக்காகவாவது ஒழுங்கா இருப்பேன்" என்றான்.

அது பொய் இல்லை. தோட்டத்து முச்சந்தியில் ஈசா பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் மகள் ஃபாரா மலரின் கூட்டாளி. ஒருநாள் ஹரிதாஸ் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஃபாரா பள்ளிவிட்டு ஓடிவந்து, ரொட்டி வீசிக்கொண்டிருந்த அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மாவுக் கையாலேயே ஈசா அவளைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்தார். அவள் அவர் காதைத் திருகினாள். ஹரிதாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மலர் ஒருநாளும் அவனைத் தானாகத் தொட்டது கிடையாது. அவன் உள்ளே வந்தால் அவள் சுவரோரமாக வெளியே போவாள். அவனுக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. அவள் ஒரே ஒரு தடவை தானாக வந்து அவன் கையைப் பிடிக்க வேண்டும். அடித்த கையை ஏன் பிடிக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் புதன்கிழமை, புதர் வெட்டுகிற பராங் கத்தியோடு முன்னால் நடந்தான். பதினோரு பிள்ளைகளும் ஒரு லோரி நுழைகிற இடைவெளி விட்டுப் பின்னால் வந்தார்கள். ஃபாரா மட்டும்தான் ஒட்டிக்கொண்டு நடந்தாள். அவள் லயத்துப் பிள்ளை இல்லை. அவளுக்கு அவனைக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவனாகத்தான் தெரியும்.

"அங்கிள், இந்தப் பராங்கால மரத்த ஒரே வெட்டுல வெட்டுவீங்களா?"

"சின்ன மரம்னா வெட்டுவேன்."

"பெரிய மரம்?"

"பெரிய மரத்துக்கு மிஷின் வேணும்லா."

டீச்சர் அன்று புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "எனக்குத் தெரியாத எடம், உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச எடம். ஆளுக்கு ஒண்ணு காட்டுங்க" என்றாள். ஒரு பையன் ஃபேக்டரிக்குப் பின்னால் சுடுதண்ணி வருகிற குழாயைக் காட்டினான். இன்னொருவன் தவளை முட்டை மிதக்கிற குழியைக் காட்டினான். மலர் கடைசிவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பிறகு டீச்சரின் துப்பட்டாவை மெல்ல இழுத்து, லயத்துக்குப் பின்னால் இருந்த பழைய தேயிலை மலைக்குக் கூட்டிப்போனாள். குனிந்து இரண்டு கிளைகளை விலக்கி உள்ளே நுழைந்தாள். டீச்சரும் மண்டியிட்டு நுழைந்தாள்.

மேலிருந்து பார்த்தால் மேசை போட்டதுபோல் சமமான பச்சை. அடியிலோ, கிழட்டுத் தேயிலை மரங்களின் தண்டுகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை தாராளமாக உட்காரலாம், படுக்கலாம். அரிசிச் சாக்கு விரித்திருந்தது. ஒரு மைலோ டின், அதற்குள் பிஸ்கட்டு, பாதி எரிந்த மெழுகுவத்தி.

"வெளியில இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது டீச்சர்" என்றாள் மலர். அவள் டீச்சரிடம் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றுதான். "மழ பேஞ்சாக்கூட ரொம்ப நனையாது."

"எனக்கும் இருக்கு டீச்சர்!" "எங்க வீட்டுக்குப் பின்னால கூட இருக்கு!" என்று மற்றப் பிள்ளைகளும் கத்தினார்கள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கண்ணாமூச்சி விளையாடுகிற இடம் என்று நினைத்துக்கொண்டாள். வெளிச்சம் ஏன் உள்ளே வரவில்லை, அடியில் ஏன் புல் முளைக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு அங்கேயே அன்றைய பாடத்தை நடத்தி முடித்தாள். வெளியே நின்ற ஹரிதாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. எம்பொண்ணு வீடே கட்டியிருக்கிறாளே என்று பூரித்துப்போனான். ஒரு பிள்ளைக்குத் தேயிலைக்கு அடியில் மெழுகுவத்தி எதற்கு என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். பாவி, யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் அவன் சம்சுச் சாராயம் குடிப்பதை விட்டான். மற்ற நாட்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒருநாள் பொழுது சாய்கிற நேரம், சோறு ஆறிப்போயிருந்தது என்று தட்டைச் சுவரில் அடித்தான். சீதாவின் காதோரம் அது தெறித்தது. அவன் கத்தி ஓய்ந்து பார்த்தபோது மலர் வீட்டில் இல்லை. "எங்கடி அவ?" என்றான். "ஃபாரா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சீதா தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை முட்டியெல்லாம் மண்ணோடு வந்தது. அவன் நம்பினான்.

ஆற்றைக் கடக்கும் புதன்கிழமைகளில் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிவிடுவான். மலர் மட்டும் தானே கல்லில் கால்வைத்துத் தாண்டுவாள். ஒருநாள் வழுக்கினாள். முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பிள்ளை கட்டைபோல் விறைத்துப் போனாள். "தேங்க் யூ" என்றாள், பஸ் டிரைவரிடம் சொல்வதுபோல. அதை அவன் ஈசாவின் கடையில் போய்ப் பெரிய வெற்றியாகச் சொன்னான். ஈசா மேசையைத் துடைத்தபடி, "நல்லது தம்பி" என்றார். அதற்குமேல் அந்த மனுசன் என்ன சொல்வார்.

தேயிலைப் பூவைக் காட்ட டீச்சர் ஆசைப்பட்டதில்தான் வினை வந்தது.

தேயிலைக்கு நடுவிலேயே பிறந்து வளர்கிற பிள்ளைகள் தேயிலைப் பூவைப் பார்த்ததில்லை. பூக்க விட்டால்தானே? மொட்டு வைக்கும் முன்பே கொழுந்தோடு சீவிவிடுகிறார்கள். கோயிலைத் தாண்டி இருக்கும் மலையில், சமமான பச்சைக்கு நடுவே ஒரே ஒரு செடி ஆள் உயரத்துக்கு நின்று வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருப்பதை டீச்சர் பஸ்ஸில் வரும்போது பார்த்திருந்தாள். அந்தப் புதன்கிழமை ஹரிதாஸை விசாரணைக்காக ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "முடிச்சிட்டு வந்துடுறேன் டீச்சர்" என்றான். டீச்சர் காத்திருக்கவில்லை. ரோட்டோர மலைதானே என்று பிள்ளைகளோடு நடந்தாள்.

விசாரணையில் முனியாண்டி நசுங்கிய கன்னத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்காமலே எழுந்தான். வெளியே வந்தபோது அவன் காது மடல் கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் பராங்கை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் விறுவிறுவென்று நடந்தான்.

வளைவில் திரும்பியதும் கீழே பார்த்தான். பிள்ளைகள் பூத்த செடியைச் சுற்றி அரைவட்டமாய் நின்றார்கள். டீச்சர் மூங்கில் அளவுகோலால் பூவைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெட்டு மிஷின்காரன் எவனும் அழகுக்காக ஒரு செடியை விட்டுவைக்க மாட்டான். உள்ளே குளவிக் கூடு இருந்தால்தான் விடுவான். கூட்டை எரிக்க ஆள் வரும்வரை அதைச் சுற்றிப் போய்விடுவார்கள். அது பாட்டுக்கு வளர்ந்து, பூத்துக் குலுங்கும்.

"ஓடுங்க! ஓடுங்கடா! செடியத் தொடாதீங்க! ஓடுங்க!"

பராங்கோடு கத்திக்கொண்டே சரிவில் ஓடினான். காற்று எதிர்க்காற்று. கீழே போய்ச் சேர்ந்தது சொல் இல்லை, குரல் மட்டும்தான். அந்தக் குரலை லயத்துப் பிள்ளைகள் அறிவார்கள். எத்தனை மாலைகளில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்கள்! அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபாரா மட்டும் ஓடினாள். ரோட்டைப் பார்த்து, வெட்டவெளியில், சரியான பக்கம் ஓடினாள். மற்றப் பத்துப் பேரும் மண்டியிட்டுத் தேயிலைக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மலைமேல் ஒரு பிள்ளைத் தலை இல்லை. அவர்களில் மலர்தான் கெட்டிக்காரி. எந்தச் செடி அடர்த்தியோ, எது நன்றாக மறைக்குமோ, அதைப் பார்த்துப் புகுந்தாள். பூத்த செடிக்குள் புகுந்தாள்.

டீச்சர் பார்த்தது என்ன? பராங்கோடு ஒருவன் ஊளையிட்டுக்கொண்டு ஓடிவருகிறான். பிள்ளைகள் பயந்து ஒளிகிறார்கள். அவள் ஓடவில்லை. வழியை மறித்து நின்று, மூங்கிலை இரண்டு கையாலும் ஓங்கி அவன் காதோடு சேர்த்து அடித்தாள். அவன் பராங்கை எறிந்துவிட்டு, "குளவி டீச்சர்!" என்றபடி அவளைப் பிடித்துத் தள்ளினான். அவன் தள்ளினால் தாங்குகிற உடம்பா அது? கல் கால்வாய் விளிம்பில் விழுந்து நெற்றி பிளந்தது.

மலர் ஊர்ந்துபோன அசைவில் செடி குலுங்கியது. குளவிகள் வெளியே வந்தன.

அவன் பக்கத்துச் செடிக்குள் கைவிட்டு அகப்பட்ட காலைப் பிடித்து இழுத்தான். கொழுந்து மூட்டையை லோரியில் வீசுவதுபோல் பிள்ளையை ரோட்டுப் பக்கம் வீசினான். "வெளிய வாங்கடா!" என்று அலறினான். அவன் அலற அலற மற்றவர்கள் இன்னும் ஆழமாக ஊர்ந்து போனார்கள். அலறினான், ஊர்ந்தார்கள். கழுத்திலும் கண்ணிமையிலும் கொட்டு விழுந்தது. ரோட்டிலிருந்து ஃபாராவின் கீச்சுக்குரல் கேட்டது. "குளவிடா! டேய், குளவி! இங்க ஓடி வாங்கடா!" அந்தக் குரலுக்குப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒவ்வொன்றாக, அழுதுகொண்டு, தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடின. ஒரு தொண்டைக்குக் கட்டுப்பட்டார்கள், இன்னொரு தொண்டைக்குக் கட்டுப்படவில்லை. அந்த நேரத்திலும் அது அவனுக்கு உறைத்தது.

மலர் வரவில்லை.

வயிற்றால் ஊர்ந்து பூத்த செடிக்குள் போனான். கூடு அவள் தலைக்கு மேலே கிளையைச் சுற்றி இருந்தது. பிள்ளை தண்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். முகமெல்லாம் குளவி. அவள் அழவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள். இத்தனை கொட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை.

"மலரு, வாம்மா. அப்பா..."

முகத்தில் உதைத்தாள். கையைப் பிடித்தபோது பெருவிரல் அடியில் எலும்பு தட்டுகிற வரை கடித்தாள். அவன் அவள் விரல்களைத் தண்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். பிரித்த விரல் திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டது. கடைசியில் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். இழுத்து வெளியே போட்டு, மார்போடு அணைத்து, முதுகைக் குளவிகளுக்குக் கொடுத்து ஓடினான்.

சத்தம் கேட்டுப் பக்கத்து மலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஹரிதாஸ் மகளை முடியைப் பிடித்து இழுத்ததை அவர்கள் பார்த்தார்கள். டீச்சர் ரத்தத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். வழியில் பராங் கிடந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்? இன்றோ நாளையோ நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. விசாரணை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த முனியாண்டிதான் முதலில் வந்தார். கையில் மண்வெட்டிக் காம்பு. கன்னத்து எலும்புக்கும் இரண்டு பற்களுக்கும் சேர்த்து அவன் முதுகில் இறக்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். உதைத்தார்கள். விலாவில் ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவன் திருப்பி அடிக்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு கையும் பிள்ளையைச் சுற்றி இருந்தது, அவ்வளவுதான். அடித்தவர்களையும் குளவி கொட்டத் தொடங்கிய பிறகுதான் "அங்கிளு குளவிக்குத்தான் கத்துனாரு!" என்று ஃபாரா கதறிக்கொண்டிருந்தது அவர்கள் காதில் விழுந்தது.

எல்லாரையும் கொழுந்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றப் பிள்ளைகள் அன்றே வீடு திரும்பினார்கள். மலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. குழாய் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

நெற்றியில் தையலோடு தனுஜா டீச்சர் போலீசில் நடந்ததைச் சொன்னாள். "அவர் என்னத் தள்ளினதும் உண்மை. அவர் இல்லன்னா அந்தப் பிள்ள இல்லங்கிறதும் உண்மை" என்றாள். ஊர் முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. கூடை நிறையப் பழம் அனுப்பினார் துரை. விசாரணையை முடித்து, வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். முனியாண்டியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்த அப்பன்னா அப்படி இருக்கணும்" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதே வாய்கள்தான்.

ஹரிதாஸுக்கு அது இனித்தது. இனிக்காமல் என்ன? பிறந்ததிலிருந்து முதல்முறையாக மனிதர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விலாவில் கட்டு, கையில் கட்டு, ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. மலர் கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஈசாவின் கடையில் மைலோ பானம் வாங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வழியெல்லாம் ஒரே நினைப்புதான். இன்றைக்குப் பிடிப்பாள். இன்றைக்கு என் கையைப் பிடிக்காமல் இருப்பாளா?

வார்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சீதா கட்டில் ஓரத்தில் இருந்தாள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, மலரின் வீங்கிய விரல்களைத் தடவிக்கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா செடிக்குள்ள போன? ஃபாரா மாதிரி ரோட்டுக்கு ஓடியிருக்கலாமில்ல?"

மலர் டீச்சரை விசித்திரமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

"அப்பா கத்துனா டீ அடியில போயிடணும் டீச்சர். அம்மா சொல்லியிருக்காங்க. சத்தமே போடக் கூடாது. அப்பா தூங்கனப்பறம் அம்மா வந்து கூப்பிடுவாங்க, அப்பதான் வரணும்." தொண்டை கரகரத்தது. நிறுத்தி எச்சில் விழுங்கினாள். "நான் சத்தம் போடலம்மா. கொட்டுனப்பக்கூட போடல."

டீச்சர் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அரிசிச் சாக்கும் மெழுகுவத்தியும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. சீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர் அம்மாவின் கோணல் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள்.

"அம்மா, டீ அடியில குளவி இருக்கும்மா. இனிமே எங்கம்மா போயி ஒளியிறது?"

சீதா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

ஹரிதாஸ் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். கங்காணி அடித்ததும் குளவி கொட்டியதும் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டு தண்டைப் பிடித்திருந்த முகம் கண்முன்னால் வந்தது. அது குளவிக்குப் பயந்த முகம் இல்லை. சுவரில் சாய்ந்தான். வாழ்க்கையில் எத்தனையோ பேரை அடித்தவன், அடி என்றால் என்ன என்று அந்த ஆஸ்பத்திரி நடையில் தெரிந்துகொண்டான்.

உள்ளே போகவில்லை. மைலோப் பையைக் கதவடியில் வைத்தான். பேச வாயெடுத்தபோது வழக்கமான குரல் தொண்டையில் ஏறி வந்தது. அதை விழுங்கிவிட்டு, இன்னொரு தடவை முயன்றான்.

"ஒளிய வேணாம்மா" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "நான் இனிமே அந்த வீட்டுக்கு வரல. கீழ ஒத்த ஆளுங்க லயத்துல இருந்துக்கிறேன்."

மலர் அவனைப் பார்க்கவில்லை. அது நிஜமா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சீதா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அப்புறம்தான் பிள்ளை கண்ணை மூடினாள்.